நாற்பத்து நாலு என்று எழுதிய பெட்டி

பிள்ளைகளே, துவக்குத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்புவது பிரயோசனமா என்று போன கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் எழும்பிப் போனேன். கேள்வியில் பிழை இல்லை. மேசைக்கு மற்றப் பக்கத்தில் உங்கள் மாமா இருந்து சோறு பிசைந்துகொண்டு, "அது நல்ல விசயம். கொப்பரும் நானும் சேர்ந்து செய்தனாங்கள்" என்றார். செய்தனாங்கள்! அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். கதைத்தால் சத்தம் போடுவேன், அம்மா அழுவா. அதனால் எழுதுகிறேன். நீங்கள் தமிழ் வாசிக்கப் பஞ்சிப்படுவீர்கள் என்று தெரியும். இதை மட்டும் கடைசிவரை வாசியுங்கள்.

காசு மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பெட்டி சுடுகிறவன் தானே நிரப்பத் தொடங்கினால் மூன்று பெட்டி சுடுவான். மிச்சம் பிடித்தது துவக்கு வாயாலேயே திரும்பிப் போய்விடும். பிரயோசனம் அதில் இல்லை. அது எதில் இருக்கிறது என்று சொல்ல, நான் இதற்குள் எப்படி விழுந்தேன் என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாகக் கார்டெரிக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள். நான் இங்கே கியூபெக்கில், லாசால் பகுதியில், மட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். என்னோடு ஒரே மெஷினில் ஒரு கியூபெக்காரர் நின்றார். என் வயதுதான். வடக்கே மரம் வெட்டும் ஊரொன்றில் பிறந்தவர். நீங்கள் சின்னதில் அவரை 'மான்காரர்' என்பீர்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய பிரெஞ்சு எனக்கு அரைவாசி விளங்கும். என்னுடையது அவருக்குக் கால்வாசி. மெஷின் இரைச்சலில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

என்னை அனுமதிப்பத்திரம் எடுக்க வைத்ததும், தன் தகப்பனுடைய பழைய துவக்கை எனக்குத் தந்ததும், காட்டில் சத்தமில்லாமல் நிற்கப் பழக்கியதும் அவர்தான். ஆனால் நான் சுட்டது ஒன்றும் படவில்லை. அந்தத் துவக்குக்குப் பொருந்தும் தோட்டா கடையில் ஒரே ஒரு வகைதான் கிடைக்கும். பாரமான குண்டு. சுட்டால் தோளில் உதைக்கும் உதை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கும். உதைக்குப் பயந்து நான் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தேன்.

"நீ சுடும்போது கண்ணை மூடுகிறாய்" என்றார் மான்காரர்.

"இல்லை."

"மூடுகிறாய், மொன் ஷம்." கூட்டாளி என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். " மான் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போகுது."

அவர்தான் சொன்னார், நீயே நிரப்பு, பாரம் குறைந்த குண்டு போடு, உதை குறையும் என்று. ஒரு தோட்டாவில் இருப்பது நாலு சாமான். பித்தளைக் கோது. அதன் அடியில், ஊசி குத்தினால் நெருப்புக் கக்கும் பிறைமர் என்கிற சின்ன மூடி. உள்ளே வெடிமருந்து. மேலே குண்டு. சுட்ட பிறகு கோது மட்டும் மிஞ்சும். அதைத் துடைத்து, பிறெஸ் என்கிற கையால் அமுக்கும் மெஷினில் கொடுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகப் போட வேண்டும். மருந்தைத் தராசில் நிறுப்பார்கள். கிறெயின் என்று ஓர் அளவு. ஒரு கிறெயின் இரண்டு மூன்று அரிசிமணியின் பாரம்.

அந்தத் துவக்கைப் பற்றி அவர் ஒரு விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இது பழைய இரும்பு. நீ வாங்கியிருக்கிற மருந்தில் நாற்பத்து நாலு கிறெயினுக்கு மேலே இது தாங்காது. உதைப்பு வேறு, உள்ளே ஏறுகிற அழுத்தம் வேறு. அளவு கூடினது உன் தோளுக்குத் தெரியாது, இரும்புக்குத்தான் தெரியும் என்றார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "உந்தச் சத்தம் வேண்டாமெண்டுதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்?" என்று கேட்டா. நான் மானைப் பற்றிச் சொன்னேன், இறைச்சியைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் ஓமென்றா. ஆனால், "ஃபோனில மருந்து மருந்தெண்டு கதைக்காதேங்கோ அப்பா. கேக்கிற சனம் ஆருக்கோ வருத்தமெண்டு சூப்போட வரும். இல்லாட்டிப் பொலிஸ் வரும்" என்றா. பிறகு இன்னொன்றும் சொன்னா. "தனியச் செய்யாதேங்கோ. அண்ணையும் துவக்கு வச்சிருக்கிறார்தானே, அவரையும் சேருங்கோ. ரெண்டு பேரெண்டால் கவனமா இருக்கும்."

கவனமாக இருக்குமாம்!

மாமா அப்போது டாக்ஸி ஓடினார். மன்னாரில் மாதா கோவிலடியில் வளர்ந்தவர். ஞாயிறு பூசையைத் தவறவிடமாட்டார். அதே மனிதர் எட்டைக் கண்டால் நடுங்குவார். எட்டு சனியனின் எண் என்று நம் சனத்தில் ஒரு பயம் இருக்கிறது. எட்டு மட்டுமில்லை, கூட்டி எட்டு வந்தாலும் அதே பயம். பதினேழு ஆகாது, இருபத்தாறு ஆகாது. வாகன நம்பர் கூட்டி எட்டு வந்ததென்று கவுண்டரில் நின்ற பெண்ணிடம், அடுத்த தகட்டைத் தரச்சொல்லி வரிசையை மறித்துக்கொண்டு மன்றாடியவர் அவர். நாங்கள் இருந்த லாசால் வீட்டை முதலில் பார்த்ததும் அவர்தான். கதவு நம்பரைக் கூட்டினார், வேண்டாமென்றார், நாங்கள் எடுத்தோம்.

"மச்சான், கதவு நம்பரைக் கூட்டிப் பாத்தனீரே?" என்று கேட்டார்.

"குளிர் வந்திட்டுது மச்சான். கூட்டிக்கொண்டு றோட்டில நிக்கவே?" என்றேன்.

அந்த வீட்டில்தான் நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்தீர்கள். உங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதை அவர் கணக்கில் எடுக்கமாட்டார்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய பிறெஸ்ஸை வாங்கினோம். நிலவறையில் மேசை போட்டு அதில் பூட்டினோம். நான் மெதுவாகப் போனேன். குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு அளவிலும் சிலதை நிரப்பி, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டிப் பாலத்துக்கு அங்கால் இருந்த சுடுகளத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தேன். கடைத் தோட்டாவில் சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குச் இலக்குத் தாளில் சிதறின ஓட்டைகள் நெருங்கி நெருங்கி வந்தன. நாற்பத்து நாலில் ஒரு கோப்பி மூடியால் எல்லாவற்றையும் மூடலாம் போல ஆகிவிட்டன. கண்ணும் மூடவில்லை. நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என் கையால் செய்த ஒன்று இவ்வளவு சரியாக இருந்தது அதுதான் முதல்தரம். சந்தோசமாக மாமாவிடம் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கியது. "நாப்பத்து நாலோ? நாலும் நாலும் எட்டு, மச்சான்."

"ஓம், கணக்குச் சரி."

"பகிடி விடாதையும். நாப்பத்தைஞ்சு போடும். ஒன்பது. திறமான நம்பர்."

"இது கார்த் தகடு இல்லை. ஒண்டு கூடினால் இந்தத் துவக்கு தாங்காது."

"ஒரு கிறெயின்! மூண்டு அரிசி!"

"சோத்தில மூண்டு அரிசி கூடினால் ஒண்டுமில்லை. இதில கூடினால் முகம் போகும்."

"சரி, சரி. உம்மட விருப்பம்" என்றார்.

உம்மட விருப்பம் என்று ஒரு மனிதன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? விட்டுவிட்டான் என்று அர்த்தம். அப்படித்தான் நான் எடுத்தேன்.

மான் காலம் நெருங்க, ஒரு சனிக்கிழமை நிரப்ப இருந்தோம். கோதெல்லாம் துடைத்துப் பிறைமர் போட்டு ஆயத்தமாக நின்றன. தராசை நாற்பத்து நாலில் வைத்தேன். மட்டைப்பெட்டியின் மூடியில் பெரிதாக 44 என்று எழுதினேன். தொடங்குமுன் தொழிற்சாலையிலிருந்து ஃபோன் வந்தது. ஆள் வரவில்லை, வா என்றார்கள்.

"போய்ட்டு வாரும், நான் முடிக்கிறன்" என்றார் மாமா.

"தராசைத் தொடக்கூடாது."

"சின்னப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லாதையும் காணும்."

வேலை முடிந்து வந்தேன். பெட்டி நிறைந்திருந்தது. தராசு நாற்பத்து நாலில் நின்றது. மூடியில் என் கையெழுத்து. எல்லாம் நான் விட்டுப்போன மாதிரியே.

இப்போது மான்காரரின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மற்றவன் நிரப்பிய தோட்டாவை அவர் சுடமாட்டார். சொந்தத் தம்பி நிரப்பியதைக் கூடத் தொடமாட்டார். தோட்டா என்றால் உன் கண்ணுக்கு ஒரு சாண் முன்னால் வெடிக்கிற சாமான், அதற்குள் என்ன இருக்கிறதென்று போட்டவனுக்கு மட்டும்தான் தெரியும் என்பார்.

ஆகஸ்ட் கடைசி. நல்ல வெயில். நானும் அவரும் சுடுகளத்துக்குப் போனோம். என்னிடம் முன்பு நிரப்பியதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைச் சுட்டேன். அவர் தொலைநோக்கியில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழும்பித் தாளடிக்கே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளங்கையை நீட்டினார்.

"ஒன்று தா. நான் சுடுகிறேன்."

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து மெதுவாகத் திரும்பச் சொன்னார். எனக்கு முதலே விளங்கிவிட்டது. தம்பியின் தோட்டாவைச் சுடாத மனிதர், பாஷை தெரியாத என்னுடைய தோட்டாவின் பின்னால் தன் முகத்தை வைக்கப் போகிறேன் என்கிறார். யாரும் எனக்கு அப்படி ஒரு மரியாதை தந்தது கிடையாது. பழையது முடிந்திருந்தது. புதிய பெட்டியைத் திறந்து, மேலே கிடந்ததை எடுத்து, சட்டையில் துடைத்து, என் துவக்கோடு கொடுத்தேன்.

வெடித்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. பூட்டின கதவை யாரோ உதைத்த மாதிரி. அவர் பின்னால் சாய்ந்தார். கை முகத்துக்குப் போனது. "டபர்னாக்!" என்றார். இங்கே கோபம் வந்தால் கோவில் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் ஏசுவார்கள். அது நற்கருணைப் பேழை. அவர் போட்டிருந்த காப்புக் கண்ணாடி ஒரு பக்கம் கருகி மங்கிப்போயிருந்தது. அதற்குக் கீழே கன்னத்தில் மிளகு அள்ளி எறிந்த மாதிரிக் கறுத்தப் புள்ளிகள். ஒவ்வொன்றிலிருந்தும் இரத்தம் கசிந்தது. கண் தப்பிவிட்டது. கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் ஒரு கண் போயிருக்கும்.

துவக்கின் பூட்டு திறக்கவில்லை. களத்துக்குப் பொறுப்பானவர் ஓடிவந்து எல்லோரையும் நிறுத்தினார். மரச் சுத்தியலால் தட்டித் தட்டித் திறந்தார்கள். வெளியே வந்த கோதின் அடியில், பிறைமர் இருந்த இடத்தில், ஊசித்துளை. அதற்குள்ளால்தான் நெருப்பு பின்பக்கம் வந்திருக்கிறது.

"எவ்வளவு போட்டாய்?" என்று கேட்டார் மான்காரர்.

"நாற்பத்து நாலு."

"எவ்வளவு?"

"நாற்பத்து நாலு. சத்தியமாக."

கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு, என்னை வாகனத்தில் ஏற்றினார். நேரே எங்கள் நிலவறைக்கு வந்து, பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் குண்டைக் கழற்றி, மருந்தை என் தராசில் கொட்டினார். நாற்பத்தைந்து. இன்னொன்றைக் கழற்றினார். நாற்பத்தைந்தும் இன்னும் கொஞ்சமும். அவர் மூடியில் இருந்த என் எழுத்தைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இதை நம்பித்தான் முகத்தை வைத்தேன்" என்றார். படியேறிப் போய்விட்டார். கதவைக் கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

ஏன் திரும்ப ஒருமுறை நிறுத்துப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். அம்மாவும் கேட்டா. என் மேசையில், என் தராசில், நான் வைத்த அளவை என் மைத்துனன் மாற்றிவிட்டு, பிறகு தராசைப் பழைய இடத்துக்கே தள்ளி வைப்பான் என்று நான் ஏன் நினைக்க வேண்டும்? சோற்றில் உப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். நஞ்சு இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?

அம்மா மாமாவுக்கு ஃபோன் எடுத்து நடந்ததெல்லாம் சொன்னா. மாமா டாக்ஸியை வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

"மாத்தினனீரே?"

"என்னத்தை?"

"மாத்தினனீரோ இல்லையோ?"

"ஒண்டு. ஒரே ஒண்டு. உம்மட நன்மைக்குத்தான். வாக்குவாதம் வேண்டாமெண்டுதான் தராசைத் திரும்ப வச்சனான்."

"ரெண்டாவதில அதைவிடக் கூட இருந்தது!"

"அது, குறைஞ்சு போகக்கூடாதெண்டு கொஞ்சம் தாராளமா..."

"விசரே உமக்கு? இது என்ன, விருந்துக்குச் சோறு போடுறதோ? அந்த மனுசன்ர கண் போயிருக்கும்!"

அதற்கு அவர் சொன்னதைக் கேளுங்கள். கோபத்தை எழுதித் தீர்க்கலாம் என்றுதான் தொடங்கினேன், இந்த இடத்தில் அது திரும்பவும் ஏறுகிறது.

"போகேல்லைத்தானே?" என்றார். "ஏன் போகேல்லை? யோசிச்சுப் பாரும். ஒன்பதில நிண்டபடியால்தான் தப்பினது. உம்மட நாப்பத்து நாலைப் போட்டிருந்தால் ஆள் இல்லை."

அம்மாதான் கேட்டா, "அண்ணை, கூடப் போட்டபடியால்தானே வெடிச்சது?"

"பிள்ளை, அதுமட்டுமில்லை. அவன் நற்கருணைப் பேழையைத் தூசணமாச் சொல்லுறவன். அப்பிடியான ஆளுக்கு இது நடக்கும்."

"வெடிச்ச பிறகுதானே சொன்னவர்!" என்று நான் கத்தினேன். நீங்கள் இரண்டு பேரும் மேலே விழித்து அழத் தொடங்கினீர்கள்.

திங்கட்கிழமை மான்காரர் வேலைக்கு வந்தார். கன்னத்தில் மருந்துத் துணி. நாங்கள் நின்றது அதே மெஷின்தான். பெட்டி, பசை, நிறுத்து, போடு, இதைத் தவிர வேறு சொல் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வேறு மேசைக்குப் போனார். அது மூன்று நாள் நடந்ததா, ஒரு கிழமையா, எனக்கு நினைவில்லை. எனக்குக் காரியம் ஒன்றுதான். நான் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் எட்டைப் பற்றி என் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? செய்தவரே வந்து சொல்லட்டும் என்று முடிவெடுத்தேன். மாமா மறுத்தார். அம்மா அவரிடம், "போகாட்டி இனி இந்த வீட்டுப் படி மிதிக்காதை அண்ணை" என்றா. அம்மா அவரை ஒருமையில் பேசியது அந்த ஒருதரம்தான்.

தொழிற்சாலை வாசலில் வேலை விடும் நேரம் டாக்ஸியைச் சாய்த்து நிறுத்தினார். பூசைக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டாக்ஸிப் பிரெஞ்சு நல்லாய் வரும் அவருக்கு. நாலும் நாலும் எட்டு, நாலும் ஐந்தும் ஒன்பது என்று விரல் விட்டு விளக்கினார். தராசை மாற்றியதையும், திரும்ப வைத்ததையும், நான் வேலையில் இருந்ததையும் சொன்னார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கடைசியில், "உங்களுக்கு நல்லதாகத்தான் முடிந்தது" என்றார்.

மான்காரர் அவர் விரல்களையே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "இவன் சொல்வது உண்மையா?"

"உண்மை."

"அப்படியென்றால் நீ பொய் சொல்லவில்லை" என்றார். ஒரு மூச்சு விட்டார். "ஆனால் மொன் ஷம், உன் பெட்டியில் இருந்து நான் இனிமேல் எடுக்கமாட்டேன்."

நியாயம்தான். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

அன்று இரவே நான் கூட்டை முறித்தேன். மாமா, "அப்ப பிறெஸ்ஸில அரைவாசி என்ர" என்றார். நிலவறைக்குப் போய்ப் பிறெஸ்ஸின் கைபிடியைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். "இந்தாரும், உம்மட பங்கு." அதை வாங்கிக்கொண்டுதான் போனார். டாக்ஸியின் பின்பெட்டியில் கிடந்து துருப்பிடித்தது என்று கேள்வி. நான் தொழிற்சாலைக் குப்பையில் ஓர் இரும்புத் தண்டை எடுத்து, அராவிப் பூட்டினேன். அந்தப் பெட்டியில் மிஞ்சியதை ஒவ்வொன்றாகக் கழற்றி மருந்தை வீட்டு வளவில் கொட்டினேன். துவக்கைப் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். இரும்புக்கு ஒன்றுமில்லை, அதிர்ஷ்டம் என்றார். அதிர்ஷ்டம் என்ற சொல்லைக் கேட்டதும் அவரோடும் சண்டைக்குப் போகப் பார்த்தேன்.

ஆக, பிரயோசனமா? பிரயோசனம்தான். கடைத் தோட்டாவுக்குள் என்ன இருக்கிறதென்று பெட்டியில் எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டும். நீ நிரப்பியதற்குள் இருப்பது உனக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருப்பது ஒன்றுதான் இதில் கிடைக்கும் லாபம். மேசைக்கு இன்னொரு கை வந்தால் அதுவும் போய்விடும். நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்றால் ஆளுக்கொரு மேசை போடுங்கள். அண்ணன் தங்கை என்று பார்க்காதீர்கள். ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிக்க வேண்டாம். வேலைக்கு வரச்சொல்லி ஃபோன் வந்தால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போங்கள். மாமா உதவிக்கு வருகிறேன் என்றால் தேத்தண்ணி கொடுத்து மேலேயே இருத்துங்கள்.

மான்காரர் அடுத்த இலையுதிர் காலத்தில் என்னை மறுபடி வேட்டைக்குக் கூப்பிட்டார். வாகனத்தில் ஏறினேன், சீட்டில் ஒரு புதுப் பெட்டி கடைத் தோட்டா கிடந்தது. என் துவக்குக்கானது. தேடி வாங்கியிருந்தார்.

"என் பக்கத்தில் நிற்கும்போது இதைப் போடு" என்றார்.

போட்டேன். இன்றைக்கும் அவரோடு போனால் அதைத்தான் போடுகிறேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது தோளைப் பார்த்து அம்மா எண்ணெய் எடுத்து வருவா. ஏனப்பா உங்களுடையதைச் சுடவில்லை என்று ஒருநாளும் கேட்கமாட்டா. அவவுக்குத் தெரியும். மேலே மாமா இருந்து பெலத்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார். எண்ணெய் பூசிக்கொண்டு நான் கீழே நிலவறையிலேயே இருப்பேன்.